ஆறலை நகரங்கள்: அமெரிக்கப் பாலைத்திணை குறித்து ஒரு முன்னாய்வு

பாலைக்கு இளங்கோவடிகள் தனி நிலம் தரவில்லை. குறிஞ்சியும் முல்லையும் கோடையில் தம் இயல்பு கெட்டால் அந்தக் கேட்டுக்குத்தான் பாலை என்று பெயர் என்றார். மதுரைக்கு நடந்துபோன மூவரின் கால்சூட்டில் பிறந்த இலக்கணம் இது என்று இத்தனை காலம் நினைத்திருந்தோம். ஒஹையோ மாநிலத்தில், கொலம்பஸ் நகரை ஒட்டி ஓடும் வெஸ்ட் பிராட் தெருவை ஆராய்ந்தபின் அந்த நினைப்பைக் கைவிட வேண்டியிருக்கிறது. மணிக்கு 45 மைல் வேகத்தில் மரியாதையாகப் போய்க்கொண்டிருந்த அந்தச் சாலை, நியூ ரோம் என்ற ஊரின் எல்லைக்குள் நுழைந்ததும் 35 மைல் சாலையாகத் திரியும். சுமார் ஆயிரம் அடி கழித்துப் பழைய குணத்துக்குத் திரும்பும். நடுவே கிடந்த அந்த ஆயிரம் அடியில் வெயில் கூடுதலாக அடிக்கவில்லை, மழை குறையவில்லை, கள்ளியும் முளைக்கவில்லை. ஆனாலும் அது பாலையே. என்னை எனின், பாலையின் உயிரான ஆறலைத்தல், அதாவது வழியே போகிறவரை மறித்துப் பொருள் பறிக்கும் தொழில், அங்கே நாள்தோறும் ரசீதோடு நடந்துவந்தது.

அந்தத் தொழிலே இக்கட்டுரையின் ஆய்வுப்பொருள். அமெரிக்கச் சிற்றூர்கள் சில, வேகவரம்பு மீறுவோரிடம் தண்டும் அபராதத்தையே ஊர் வரவுசெலவின் முதலாக வைத்து வாழ்ந்திருக்கின்றன. சில இன்னும் வாழ்கின்றன. இதற்கு வேகப்பொறி என்று பெயர் வைத்திருக்கிறார்கள். பெயர் பொருத்தமில்லை என்பது நம் துணிபு. எலிக்குப் பொறி வைப்பவன் எலி ஒழிய வேண்டும் என்று நினைத்து வைக்கிறான். இந்த ஊர்கள் அப்படி நினைப்பவை அல்ல. நாளை காலை முதல் எல்லா வண்டிகளும் 35 மைலில் போகத் தொடங்கினால் அடுத்த மாதமே சம்பளப் பட்டியல் தடுமாறும் ஊரில், வேகம் குற்றம் அன்று, விளைச்சல்.

முதற்பொருள்

நிலமும் பொழுதும் முதற்பொருள். முதலில் நிலம்.

அமெரிக்கப் பாலைக்கு நிலம் மிகக் குறைவாகவே தேவைப்படுகிறது. 2000ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி நியூ ரோமில் வாழ்ந்தவர்கள் 60 பேர். அவர்களைக் காக்கப் பகுதிநேரக் காவலர்கள் ஒரு கட்டத்தில் 14 பேர் இருந்தனர். நாலு குடிமக்களுக்கு ஒரு காவலர் என்ற இந்த விகிதத்தைப் பார்த்தால், அந்த நாலு பேரும் பெரும் கொள்ளைக்காரர்களாக இருந்திருக்க வேண்டும் என்று பிற்காலத் தொல்லியலாளர் முடிவு செய்யக்கூடும். உண்மை அதுவன்று. காவலர்களின் கண் எப்போதும் ஊருக்குள் இல்லை, சாலைமேலேயே இருந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ 4 லட்சம் டாலர் வந்தது. அதில் பெரும்பங்கு காவல்துறைக்கே போனது. காவல்துறை எதற்கு என்றால் அந்த 4 லட்சத்தைக் கொண்டுவர. வந்த பணம் வந்த வழிக்கே உரமானது. சாலையின் அடிக்கு 400 டாலர் என்று கணக்கு வருகிறது. இப்படி விளையும் நிலத்தை எந்த வேளாண் கல்லூரியும் காட்ட முடியாது.

நிலமே இல்லாத ஊர் என்ன செய்யும்? வாங்கும். ஃபுளோரிடா மாநிலத்து ஹாம்ப்டன் ஊரில் 477 பேர். அமெரிக்க நெடுஞ்சாலை 301 ஊரைத் தொடாமல் தள்ளிப் போய்க்கொண்டிருந்தது. 1990களில் அவ்வூர் ஒரு நீண்ட கையை நீட்டி அந்தச் சாலையில் 1,260 அடியைத் தன் எல்லைக்குள் இழுத்துக்கொண்டது. வரைபடத்தில் பார்த்தால், பந்தியில் உட்கார்ந்தவர் அடுத்த இலையிலிருந்து அப்பளத்தை எடுப்பதுபோல் தெரியும். 2011, 2012 ஆகிய இரண்டு ஆண்டுகளில் அந்தக் கையில் எழுதப்பட்ட அபராதச் சீட்டுகள் 12,698. இவ்வாய்வாளர் வகுத்துப் பார்த்தார்: அடிக்குப் பத்துச் சீட்டு. இனி அந்தச் சாலையை நீளத்தால் அளப்பதைவிடச் சீட்டால் அளப்பதே முறை.

301ஆம் சாலையைப் பற்றித் தனியே ஒரு சொல். டெலவேரில் தொடங்கி ஃபுளோரிடாவின் சரசோட்டாவில் முடியும் இந்தச் சாலை, 95ஆம் எண் விரைவுச்சாலை முழுமையாகும் முன்பு, வடக்கே குளிருக்கு அஞ்சியவர்கள் தெற்கே வெயில் தேடி இறங்கிய வழி. அந்த ஒரே வழியில் ஜார்ஜியாவின் லுடோவிசி, ஃபுளோரிடாவின் லாட்டி, ஹாம்ப்டன், வால்டோ என்று மணி கோத்ததுபோல் ஆறலை நகரங்கள் அமைந்தன. வால்டோவில் சில மைல்களுக்குள் வேகவரம்பு ஆறு முறை மாறியது. அறுசீர் விருத்தம் என்று இதை வகைப்படுத்துவோரும் உளர்.

பாலைக்குப் பொழுது நண்பகலும் வேனிலும் பின்பனியும் என்பது தொல்காப்பியர் வகுத்தது. வேனில் சரி, பாலைக்குப் பின்பனி எதற்கு என்று மாணவர்கள் காலங்காலமாகக் கேட்டுவந்திருக்கிறார்கள். அதற்கான விடை 301இல் இருக்கிறது. பின்பனியாகிய மாசியும் பங்குனியும், தெற்கே குளிர்காய்ந்த முதியவர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டு வடக்கே திரும்பும் மாதங்கள். போகும்போது ஒரு சீட்டு, வரும்போது ஒரு சீட்டு. இத்தனை தொலைநோக்கோடு சூத்திரம் செய்த ஆசிரியர் வேறு எம்மொழியிலும் இல்லை.

கருப்பொருள்

தெய்வம்: மேயர். இது புகழ்ச்சியன்று. ஒஹையோவில் சிற்றூர் மேயர் தாமே வழக்குமன்றம் நடத்தலாம். சட்டம் படித்திருக்க வேண்டியதில்லை. வரி விதிப்பவரும் அவர், காவலரை நியமிப்பவரும் அவர், காவலர் பிடித்து வந்தவரை விசாரித்து அபராதம் போடுபவரும் அவர். ஆக்கல், காத்தல், அழித்தல் மூன்றையும் ஒருவரே செய்வது சைவர்க்கும் வைணவர்க்கும் புதிதல்ல என்றாலும் அமெரிக்க உச்சநீதிமன்றத்துக்கு அது பிடிக்கவில்லை. அதைப் பின்னர்ச் சொல்வோம்.

மரம்: விளம்பரப் பலகை, அதன் நிழலில் நிறுத்திய ரோந்து வண்டி. ஜார்ஜியா மாநிலச் சட்டம் இங்கே நுட்பமானது. ரேடார் வைத்துப் பிடிக்கும் காவலரின் வண்டி வருகிறவர் கண்ணுக்கு 500 அடி தூரத்திலிருந்தாவது தெரிய வேண்டும் என்கிறது. மறைந்து நின்று வாலியை வீழ்த்தியது சரியா தவறா என்று நம் பட்டிமன்றங்கள் இன்னும் முடிவுக்கு வராத கேள்விக்கு ஜார்ஜியச் சட்டமன்றம் அடிக்கணக்கில் விடை சொல்லிவிட்டது. ஹாம்ப்டன் காவலர்கள் இந்தக் குறைக்கு ஆளாகவில்லை. சிலர் சாலையோரம் மடக்கு நாற்காலி போட்டு உட்கார்ந்து ரேடாரை நீட்டினார்கள்.

நீர்: பாலைக்கு உரியது வற்றிய கிணறு. ஹாம்ப்டனில் மாநிலத் தணிக்கையாளர்கள் இறங்கிப் பார்த்தபோது, ஊர் இறைத்த குடிநீரில் ஏறக்குறையப் பாதிக்குக் கணக்கில்லை. பதிவேடுகள் எங்கே என்று கேட்டால் சில சதுப்பில் தொலைந்துபோயின என்று பதில் வந்தது. இலக்கணம் சொன்னபடியே நீர் மறைந்திருக்கிறது. கூடவே ஏடும் மறைந்திருக்கிறது. ஆற்றில் விட்ட ஏடு எதிரேறி வந்த கதை நமக்குத் தெரியும். சதுப்பில் விட்ட ஏடு வருவதில்லை.

மக்கள்: காவலர். அமெரிக்காவில் வேலைபார்க்கும் நம் பிள்ளைகள் இவர்களை ‘மாமா’ என்று உறவு கொண்டாடுகிறார்கள். “முன்னாடி மாமா நிக்கிறாரு, மெதுவாப் போ” என்ற தொடர் நியூ ஜெர்சியிலிருந்து டெக்சாஸ் வரை வழங்குகிறது. வால்டோவில் இந்த மாமாக்களுக்குப் பன்னிரண்டு மணி நேரப் பணிக்குப் பன்னிரண்டு சீட்டு என்று அளவு வைத்திருந்ததாக அவர்களே 2014இல் நகரமன்றத்தின் முன்னால் வந்து சொல்லிவிட்டார்கள். மணிக்கொன்று. ஃபுளோரிடாவில் அப்படி அளவு வைப்பது சட்டப்படி கூடாது. அந்த ஆண்டே வால்டோ தன் காவல்துறையைக் கலைத்தது.

தோழி: இது பலரும் கவனிக்காத பகுதி. எதிர்த்திசையில் வரும் வண்டிக்காரர் விளக்கை இருமுறை சிமிட்டிவிட்டுப் போகிறாரே, அவர் யார்? தலைவனுக்கு முன்பின் அறிமுகமில்லாதவர், கைம்மாறு எதிர்பாராதவர், ஒரு நொடியில் மறைந்துவிடுபவர். அகத்திணை மரபில் இவ்விடத்தில் நிற்பவள் தோழி. அவள் செய்வது அறத்தொடு நிற்றல். மிசௌரியின் எல்லிஸ்வில் நகரம் இப்படிச் சிமிட்டியவரைப் பிடித்து வழக்குப் போட்டது. 2014இல் கூட்டாட்சி நீதிமன்றம் ஒன்று, சிமிட்டலும் பேச்சே, பேச்சுரிமை அதற்கும் உண்டு என்று கருதி நகரத்துக்குத் தடை போட்டது. உள்ளுறை உவமத்துக்கு அரசியல் சட்டப் பாதுகாப்புக் கிடைத்த முதல் சந்தர்ப்பம் இது என்று துணிந்து சொல்லலாம்.

இந்த மரபின் மூலம் இங்கிலாந்து. 1905இல் மோட்டார்காரர்கள் சிலர் கூடி ஒரு சங்கம் தொடங்கினார்கள். பிரைட்டன் சாலையில் கடிகாரத்தோடு புதருக்குள் ஒளிந்திருக்கும் போலீசாரைப் பற்றிச் சைக்கிள் வீரர்களை விட்டு எச்சரிப்பதே அதன் முதல் வேலை. 1910இல் ஒரு வழக்கில், அப்படி எச்சரிப்பது போலீசாரின் கடமைக்கு இடையூறு என்று தீர்ப்பானது. சங்கம் யோசித்தது. அதன்பின் அதன் வீரர்கள் உறுப்பினர் வண்டியைக் கண்டால் சல்யூட் வைப்பார்கள். முன்னே போலீஸ் இருந்தால் வைக்க மாட்டார்கள். சல்யூட் வைக்காவிட்டால் நிறுத்திக் காரணம் கேளுங்கள் என்று உறுப்பினர்களுக்குச் சொல்லப்பட்டது. சும்மா இருந்த மனிதனை எந்தச் சட்டத்தின்கீழ் பிடிப்பது? சும்மா இருப்பதன் பெருமையை நம் சித்தர்கள் சொன்னார்கள்; அதைச் சம்பளத்துக்குச் செய்தவர்கள் இவர்களே.

உரிப்பொருள்

பாலையின் உரிப்பொருள் பிரிதலும் பிரிதல் நிமித்தமும். இங்கே பிரிவது பணம். யாரிடமிருந்து பிரிவது எளிது என்பதே ஆராய்ச்சி.

மாசசூசெட்ஸ் மாநிலத்தில் 2001இல் எழுதப்பட்ட சீட்டுகளையும் எச்சரிக்கைகளையும் எடுத்துவைத்து மைக்கேல் மக்கௌஸ்கி, தாமஸ் ஸ்ட்ராட்மன் என்ற இரு பொருளியலாளர்கள் ஆராய்ந்து 2009இல் வெளியிட்டார்கள். உள்ளூர்க்காரரைவிட வெளியூர்க்காரருக்கே அபராதம் விழ வாய்ப்பு அதிகம். அதிலும், அவர் வீடு வழக்குமன்றத்திலிருந்து எவ்வளவு தூரமோ அவ்வளவுக்கு வாய்ப்பும் கூடும், தொகையும் கூடும். காரணம் வெளிப்படை. எட்டு மணி நேரம் வண்டியோட்டி வந்து, ஒரு பகல் காத்திருந்து, 150 டாலருக்கு வாதாட எவரும் வரப்போவதில்லை. உள்ளூர்க்காரரோ வருவார், வருவதோடு அடுத்த தேர்தலில் ஓட்டும் போடுவார். ‘பொருள்வயிற் பிரிவு’ என்று நம் புலவர்கள் சொன்னது பொருள் தேடித் தலைவன் பிரிவதை. தலைவன் தொலைவில் இருப்பதால் பொருள் அவனைப் பிரிவது இங்கே புதிய துறை.

இன்னொரு ஆய்வு வட கரோலினாவைப் பற்றியது. தாமஸ் காரெட், கேரி வாக்னர் இருவரும் 1990 முதல் 2003 வரையான கணக்குகளைப் பார்த்தார்கள். உள்ளாட்சியின் வருவாய் குறைந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டு அபராதச் சீட்டுகள் கூடின. சரி, வருவாய் கூடிய ஆண்டுக்கு அடுத்த ஆண்டு சீட்டுகள் குறைந்தனவா? இல்லை. ஆக, வேகமாகப் போகும் ஆசை ஊர்க் கருவூலம் வற்றும்போதெல்லாம் மக்களுக்குப் பெருகுகிறது. கருவூலம் நிரம்பினால் தணிவதில்லை. மனித மனத்தின் இந்த விசித்திரத்தை உளவியலாளர்கள்தான் ஆராய வேண்டும்.

இங்கே ஊர்த்தரப்பு உரையாசிரியர் குறுக்கிடுவார்: “அற்றேல், வேகமாகப் போவது தவறில்லை என்கிறீரோ? ஊர் நடுவே பிள்ளைகள் சாலை கடக்கும் இடத்தில் 60 மைலில் போகிறவனை விட்டுவிடலாமோ?” விடக்கூடாது என்க. வேகம் ஆளைக் கொல்லும். ஊர் வந்தால் வேகம் குறைப்பதே முறை. ஊர்களின் பிழைப்புக்கும் நியாயம் இல்லாமலில்லை. விரைவுச்சாலை வந்து பழைய சாலையின் விடுதிகளையும் சாப்பாட்டுக்கடைகளையும் காயவிட்டது. சொத்துவரி போட ஊரில் சொத்து இல்லை. மிஞ்சியது ஊரைக் கடந்துபோகும் அந்நியன் மட்டும். ஆனால் ஒரு கேள்விக்கு அவர்களிடம் விடையில்லை: பலகை கண்ணில் படுவதற்காக வைக்கப்பட்டதா, படாமலிருக்கவா? கலிஃபோர்னியா இந்தக் கேள்வியைச் சட்டத்திலேயே எழுதிவைத்திருக்கிறது. பொறியாளர்கள் வந்து சாலையை அளந்து, வண்டிகள் இயல்பாகப் போகும் வேகத்தைக் கணக்கெடுத்து வகுத்த வரம்பாக இல்லாமல், ஊர் தன் விருப்பத்துக்கு வைத்த வரம்பில் ரேடார் பிடித்தால் அது பொறி. பொறியில் கிடைத்த சாட்சியம் செல்லாது. சாலையைக் கேட்டு வரம்பு வைக்கிறார்களா, பட்ஜெட்டைக் கேட்டு வைக்கிறார்களா என்பதே பிரச்சினை.

லுடோவிசியைப் பார்த்தால் இது விளங்கும். அங்கே ஒரே ஒரு சிக்னல் விளக்கு புகழ்பெற்றது. பச்சை எரிகிறதே என்று வெளியூர் வண்டி நெருங்கும்போது, மஞ்சளுக்கு நேரம் விடாமல் சிவப்பு விழும். பக்கத்துக் கட்டடத்தில் ஒருவர் கையில் சுவிட்சோடு உட்கார்ந்திருந்தார் என்பது அந்தப் பகுதியில் பலரும் சொன்ன கதை. 1970இல் ஜார்ஜியா ஆளுநர் லெஸ்டர் மேடக்ஸ் பொறுத்தது போதும் என்று ஊருக்கு வெளியே பெரிய பலகைகள் வைத்து, முன்னே பொறி இருக்கிறது என்று பயணிகளை எச்சரித்தார். அந்தப் பலகைகளை ஊரார் பிடுங்கிவிடாமல் மாநிலக் காவலர்கள் காவல் நின்றார்கள். குலோத்துங்கனுக்குச் ‘சுங்கம் தவிர்த்த சோழன்’ என்ற பட்டம் உண்டு. மேடக்ஸுக்கும் அப்படி ஒன்று கொடுக்கலாமே என்று கை எழுதத் துடிக்கும்போது இன்னொரு நினைவு வந்து தடுக்கிறது. இவர்தான் 1964இல் அட்லாண்டாவில் தம் உணவகத்து வாசலில் கறுப்பர்களை நுழையவிடாமல் விரட்டி அதனாலேயே அரசியலில் பேர் வாங்கியவர். வழிப்போக்கரின் பணப்பைக்குக் காட்டிய இரக்கத்தை அவர்களின் பசிக்குக் காட்டாதவர்க்குப் பட்டம் கொடுப்பதற்கில்லை.

கால் நூற்றாண்டு கழித்து, 1995இல், அமெரிக்க மோட்டார் சங்கம் அதே வேலையை வால்டோவுக்கும் லாட்டிக்கும் செய்தது. இரண்டையும் ‘போக்குவரத்துப் பொறி’ என்று அறிவித்துச் சாலையில் பலகை வைத்தது. அந்த முத்திரையை விலக்கியது 2018இல்.

இனி உச்சநீதிமன்றம். 1927இல் வந்த டூமி வழக்கில் ஊர், ஒஹையோவின் நார்த் காலேஜ் ஹில். குற்றம், வேகம் அன்று, மது. சாராயம் வைத்திருந்தவருக்கு மேயர் 100 டாலர் அபராதம் போட்டார். அபராதம் போட்டால் மேயருக்கு 12 டாலர் கிடைக்கும்; விடுவித்தால் ஒன்றும் கிடைக்காது. முன்னாள் குடியரசுத் தலைவரும் அப்போதைய தலைமை நீதிபதியுமான டாஃப்ட், இப்படிப்பட்டவர் முன் நீதி கேட்க முடியாது என்று தீர்ப்பு எழுதினார். சரி, மேயர் பைக்குப் போகாமல் ஊர்ப் பைக்குப் போனால்? அதே மாநிலத்தின் மன்ரோவில் ஊரில், சில ஆண்டுகளில் ஊர் வருமானத்தில் ஏறத்தாழப் பாதி மேயர் நடத்திய வழக்குமன்றத்திலிருந்து வந்தது. 1972இல் உச்சநீதிமன்றம் அதையும் ஏற்கவில்லை. ஊரின் வரவுக்குப் பொறுப்பானவர் அந்த வரவுக்கு வழியாகும் வழக்கில் நடுவராக உட்காரலாகாது என்றது. துலாக்கோலின் ஒரு தட்டில் நடுவரே ஏறி உட்கார்ந்தால் எடை என்னவாகும் என்பதே விஷயம். ஆனால் தீர்ப்பு வந்ததே தவிரப் பாலை போகவில்லை. நியூ ரோம் செழித்தது இந்தத் தீர்ப்புகளுக்குப் பின்னர்தான்.

இதுவரை சொன்னவற்றில் பணம் இழந்தவர்கள் வழிப்போக்கர்கள். ஏசிவிட்டு, சீட்டைக் கட்டிவிட்டு ஊர் போய்ச் சேர்ந்தார்கள். அதனால்தான் இதை நகைச்சுவையாக எழுத முடிகிறது. ஃபெர்குசன் அப்படியல்ல. மிசௌரியில் செயின்ட் லூயிஸை ஒட்டிய இந்த ஊரில் 21,000 பேர். அங்கே வெளியூர்க்காரருக்காகக் காத்திருக்க வேண்டிய தேவை இல்லாமல் போயிற்று. ஊர் தன் சொந்த ஏழைகளையே மறித்தது. அமெரிக்க நீதித்துறை 2015 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கையின்படி, அதற்கு முந்தைய டிசம்பரில் நிலுவையிலிருந்த கைது உத்தரவுகள் 16,000க்கும் மேற்பட்டவர்கள் பேரில். சாலையில் நிறுத்தப்பட்ட வண்டிகளில் 85 விழுக்காடு கறுப்பர்களுடையவை. ஊரில் அவர்கள் 67 விழுக்காடு. நகரத்து நிதி அதிகாரி 2010இலேயே காவல்துறைத் தலைவருக்கு எழுதியிருக்கிறார்: ஆண்டு முடிவதற்குள் சீட்டு எழுதுவது கணிசமாகக் கூடாவிட்டால் அடுத்த ஆண்டு வசூலை உயர்த்துவது கடினம் என்று. குற்றம் கூட வேண்டும் என்று கருவூலம் கேட்டுக்கொண்ட கடிதம் இது.

அதே அறிக்கையில் ஒரு பெண்ணின் கணக்கு வருகிறது. 2007இல் வண்டியைத் தவறான இடத்தில் நிறுத்தினார். அபராதம் 151 டாலர், மேற்படிக் கட்டணங்கள். கையில் பணமில்லை, வழக்குத் தேதிகள் தவறின. ஏழு ஆண்டுகளில் இரண்டு முறை கைது, ஆறு நாள் சிறை. 550 டாலர் கட்டிய பிறகும் பாக்கி 541 டாலர். வட்டிக்கடைக்காரர்கள் இந்தக் கணக்கைப் பார்த்தால் காலில் விழுவார்கள். இதைத் திணை, துறை என்று வகுத்துச் சிரிப்பதற்கு இவ்வாய்வாளருக்கு மனம் வரவில்லை. ஆறலை கள்வர் தம் ஊராரின் வீட்டுக்கூரையைப் பிரிப்பதாகச் சங்கப் பாடல் எதிலும் கண்ட நினைவில்லை.

புறனடை

அபராதத்தில் எவ்வளவு வரை அறம், எவ்வளவுக்கு மேல் கொள்ளை? நம் மரபில் அரசனுக்கு விளைச்சலில் ஆறிலொன்று. அமெரிக்க மாநிலங்கள் ஒவ்வொன்றும் தனித்தனிச் சுருதி வைத்திருக்கின்றன. டெக்சாஸில் 5,000 பேருக்குக் குறைந்த ஊர், முந்தைய ஆண்டு வருமானத்தில் 30 விழுக்காட்டுக்கு மேல் வரும் அபராதத்தின் பெரும்பகுதியை மாநிலத்துக்கு அனுப்ப வேண்டும். அலபாமா 2022இல் 10 விழுக்காட்டில் நிறுத்தியது. அங்கே புரூக்சைட் என்ற 1,253 பேர் ஊரில் அபராத, பறிமுதல் வருமானம் இரண்டே ஆண்டில் 640 விழுக்காடு ஏறிய செய்தி வெளிவந்ததும் சட்டமன்றத்துக்குத் திடீரென்று அறம் நினைவுக்கு வந்தது. ஜார்ஜியா இன்னும் நுட்பம்: அபராத வருமானம் காவல்துறை பட்ஜெட்டில் குறிப்பிட்ட விழுக்காட்டைத் தாண்டினால், ரேடார் பாதுகாப்புக்காக அல்லாமல் வேறு எதற்கோ வைக்கப்பட்டது என்று சட்டமே அனுமானித்துக்கொள்ளும். கணக்கு வழியே கருத்தை ஊகிப்பது நியாய சாத்திரத்தில் அனுமானப் பிரமாணம் எனப்படும்.

ஃபுளோரிடா ஹாம்ப்டனையே கலைத்துவிடுவதாக 2014இல் மிரட்டியது. சட்டமன்ற உறுப்பினர் ஒருவருக்கு அங்கே சீட்டு எழுதியது ஊரின் வரலாற்றுப் பிழை என்று கருதுவோர் உண்டு. ஊர் காவல்துறையை மூடி, நீட்டிய கையை மடக்கி, 1,260 அடியைத் திருப்பிக் கொடுத்துப் பிழைத்தது. நியூ ரோம் பிழைக்கவில்லை. 2004இல் நீதிமன்ற உத்தரவு ஒன்றால் கலைக்கப்பட்டுப் பக்கத்து ஊராட்சியில் கரைந்தது. பழைய ரோம் வீழ்வதற்குக் காத்தியரும் வாண்டலரும் தேவைப்பட்டார்கள். கிளீவ்லாந்தை ஒட்டிய லின்டேல் ஊர், 200 பேருக்கு மேற்படாத ஊர்களில் மேயர் வழக்குமன்றம் கூடாது என்று 2013இல் ஒஹையோ சட்டம் போட்டதும் கேமராவுக்கு மாறிக்கொண்டது. கேமராவுக்கு மாமன் உறவும் இல்லை, மடக்கு நாற்காலியும் வேண்டாம். லூசியானாவின் ஃபென்டனில் 300 பேர்கூட இல்லை. 2022 ஜூனில் முடிந்த ஓராண்டில் அபராதமும் பறிமுதலுமாக வந்தது 13 லட்சம் டாலர்.

விழுக்காட்டு வரம்புச் சட்டங்களில் பேர்பெற்றது மிசௌரியின் மாக்ஸ் கிரீக் சட்டம். 54ஆம் எண் நெடுஞ்சாலையோரம் 272 பேர் வாழ்ந்த மாக்ஸ் கிரீக் என்ற ஊரின் வருமானத்தில் பெரும்பகுதி அந்தச் சாலையிலிருந்தே வந்ததைக் கண்டு, 1995இல் மாநிலம் 45 விழுக்காடு என்று வரம்பு வைத்தது. மிகுதி பள்ளிக்கூடங்களுக்குப் போக வேண்டும். 2009இல் வரம்பு 35 ஆனது, 2013இல் 30. ஃபெர்குசனுக்குப் பிறகு 2015இல் 20. செயின்ட் லூயிஸ் கவுண்டிக்கு மட்டும் தனியாகப் பன்னிரண்டரை என்று வைத்ததை மாநில உச்சநீதிமன்றம் 2017இல் செல்லாது என்றுவிட்டது. வரம்பு இப்படிப் படிப்படியாக இறங்கிக்கொண்டிருந்த காலத்தில் மாக்ஸ் கிரீக் ஊராட்சி 2012இல் கலைந்துபோயிற்று. 54ஆம் எண் சாலை அந்த வழியாக இன்னும் போகிறது.